அருவி முனையில் மாலினிதேவி

ஏட்டி ஜெபமலர்,

குற்றாலத்துச் சாரலில் நனைஞ்சு காய்ச்சல் வாங்கி வந்திருக்க. பள்ளிக்கூடத்துல உனக்கு லீவு சொல்லிருதேன். கஞ்சியும் கருவாட்டுத் துவையலும் மூடி வச்சிருக்கேன், பூனை எந்திரிக்கதுக்கு முன்னால நீ எந்திரி.

"டீச்சர் படிக்கித புத்தகமா இது?"ன்னு நேத்து நான் கத்துனது கொஞ்சம் கூடுதல்தான். அதுக்காக நீ போர்வையை இழுத்து மூடிக்கிடணுமா?

ஏழாம் வகுப்பு மாடத்திகிட்ட நான் பறிச்சு, நேத்து நீ படிச்சிக்கிட்டிருந்த அந்தச் சினிமாக்காரி மாலினிதேவி படக்கதைப் புத்தகத்தைத் திருப்பி வாங்க மத்தியானம் அவ அம்மா வீட்டுக்கு வருவாங்க. கொடுத்திரு. முகத்தைக் கடுகடுன்னு வச்சிக்கிட்டு, "பிள்ளையைக் கண்டிச்சு வைங்க"ன்னு சொல்லு.

சாவி ஜன்னல்லயே இருக்கட்டும்.

சுகிர்தம்

புலி பாயுத பக்கத்துல காப்பிக் கறை இருக்கும். நீ சிந்தலன்னு எனக்குத் தெரியும். விடியக்காலம் உக்காந்து முழுசும் படிச்சிட்டேன்.

முன்னால புலி, பின்னால அருவி, நடுவுல மாலினிதேவி. அங்கன கொண்டு நிறுத்திட்டு, மீதி அடுத்த புத்தகத்துலன்னு போட்டுட்டான் பாவி!

அந்த அடுத்த புத்தகம் எட்டாம் வகுப்பு வடிவு பையில இருக்காம். இன்னைக்கு எட்டாம் வகுப்புல பை சோதனை. சாயங்காலம் சுக்குக்காப்பி போட்டு வை, சேர்ந்தே படிப்போம்.