சதை மாதிரி ஒரு சுரூபம்

அக்கா,

இந்த வருடம் நத்தாருக்கு எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் புதிய பாலன் இயேசு வந்திருக்கிறார். சிலிக்கோனில் செய்தது. தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரின், இத்தாலியில் வேலை செய்யும் மகன் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறான். நீலக் கண், ரோஸ் கன்னம், ஒவ்வொன்றாக நட்ட தங்க நிற முடி. அழுத்தினால் அமுங்குகிறது, விட்டால் பழையபடி எழும்புகிறது. கோயில் கமிட்டித் தலைவராக இன்னும் அதே பெரிய கிளாக்கர்தான் இருக்கிறார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தொட்டுப் பாருங்க, நெசப் புள்ள மாதிரியே இருக்கு!" என்றார். சனம் வரிசையில் நின்று தொட்டது, காலில் உதடு வைத்து முத்தி செய்தது, ஆகா என்றது. அந்தப் புதுப் பொம்மையின் கடை வாடை மூக்கில் ஏறியபோது, எனக்கு நீங்கள் செய்த பாலனின் வாடை ஞாபகம் வந்தது. புகையும், ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் அசிட்டும் கலந்த வாடை. எங்கள் எல்லோருடைய சட்டையிலும் இருக்கிற வாடை.

வரிசை முடிந்ததும் உங்கள் மகள் என்னிடம் வந்தாள். பதின்மூன்று வயதாகிவிட்டது அவளுக்கு.

"மாமா, அம்மா செஞ்ச பாலன் கோயில் பீரோவுல சும்மாதானே கெடக்கு? புதுசுதான் வந்திருச்சே. அத எனக்குக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க. அம்மா கையால செஞ்சதுன்னு எங்கிட்ட வேற ஒண்ணுமே இல்ல."

"பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பீரோவில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன்னர் பழைய சாந்துச் சுரூபத்தின் வலது பாதம் உடைந்து விழுந்தது. எத்தனையோ நத்தாருக்கு முத்தி செய்து செய்து விரல்கள் ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தன. புதியது வாங்குவதைப் பற்றி கமிட்டி மூன்று கூட்டம் போட்டு, டீ குடித்து, கலைந்தது. நீங்கள்தான் எழுந்து, "நான் செஞ்சு தாறேங்க" என்றீர்கள். ரப்பர் ஃபாக்டரியில் பால் உறைய வைக்கும் ஒரு பொம்பிளை சாமி செய்வதா என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு, செலவில்லாத காரியம் என்பதால் சரி என்றார்கள். எங்கள் கமிட்டியின் விசுவாசம் அவ்வளவுதான்.

ஓடைக் களிமண்ணில் நீங்கள் அச்சுச் செய்ததையும், வாளியின் அடியில் மிஞ்சிய பாலை அதற்குள் மெல்லிசாகப் பூசியதையும், காய்ந்ததும் மறுபடி பூசியதையும், அதே ஃபாக்டரியில் கை உதவிக்கு நின்ற நான் தினமும் பார்த்தேன். ஒரு மாதம் ஆயிற்று. உள்ளே இலவம் பஞ்சை அடைத்து, நடுவில் ஆற்று மணலை ஒரு சின்னப் பையில் கட்டி வைத்தீர்கள். "பொறந்த புள்ளைக்கு ஒரு கனம் இருக்கும்டா. வெறும் பஞ்ச ஏந்துனா அது புள்ள இல்ல." பிறகு ரப்பர் ஷீட்டுகளோடு சேர்த்துப் புகைக் கூட்டில் தொங்கவிட்டீர்கள். மூன்றாம் நாள் வெளியே எடுத்தபோது பாலன் எங்கள் நிறத்துக்கு வந்திருந்தார். வர்ணம் ஒரு சொட்டுக்கூட நீங்கள் பூசவில்லை.

சாந்துப் பாலன் இரண்டு விரலை உயர்த்தி ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டிருப்பார், பிறக்கும்போதே பிஷப்பாகப் பிறந்தவர்போல. உங்கள் பாலன் முஷ்டியை மூடியிருந்தார். முகம் சுருங்கி, அழப்போகும் பிள்ளையின் முகமாக இருந்தது. தொப்புளில் ஒரு நூல் முடிச்சு. அதைப் பார்த்ததும் பெரிய கிளாக்கர் முகத்தைச் சுளித்தார்.

"தொப்புள் எல்லாம் எதுக்கும்மா?"

"தொப்புள் இல்லாம எப்புடிங்கய்யா பொறந்தாரு?"

நத்தாருக்கு இரண்டே நாள்தான் இருந்தது, வேறு சுரூபமும் இல்லை. ஃபாதர் சிங்களவர், தமிழ்ப் பூசையை எழுதி வைத்து வாசிப்பவர். அவர் பாலனின் பாதத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, "ஹரி ஷோக்" என்று அவர் மொழியில் மெச்சிச் சிரித்தார். அதனால் உங்கள் பாலன் குடிலுக்குள் போனார். வெயிலில் வெந்து பால் வெட்டுகிற தோட்டத்தில் பஞ்சால் பனி தூவிய அந்தக் குடிலில் உண்மையாக இருந்த ஒரே பொருள் அதுதான்.

நத்தார் காலைப் பூசை. விசுவாச அறிக்கையில், கடவுள் கன்னியின் வயிற்றில் உடல் எடுத்த இடம் வந்ததும், வழக்கம்போல எல்லோரும் முழங்காலில் நின்றோம். மற்ற ஞாயிறுகளில் அந்த இடத்தில் தலைகுனிவதோடு சரி. நத்தாரன்று மட்டும் முழங்கால். பெரிய கிளாக்கர் வேட்டி மடிப்புக் கலையாமல் இருக்கக் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் முழங்காலை வைத்தார். பூசை முடிந்ததும் பாலனை ஏந்திக்கொண்டு நிற்க என்னைக் கூப்பிட்டார்கள். முத்தி செய்யும் ஒவ்வொருவருக்கும் பிறகு பாதத்தைத் துணியால் துடைப்பது என் வேலை.

கைப்பிள்ளையோடு முதலில் வந்தவள் பால் வெட்டுகிற பெண் ஒருத்தி. குனிந்தாள், உதடு பட்டதும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். என் கைச் சூடு ரப்பரில் ஏறியிருந்தது. "ஐயோ, சுடுது" என்றாள். பிறகு அந்தப் பாதத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நகரவே மாட்டேன் என்று நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். ஒருத்தி அழுதாள். வரிசை நின்று போயிற்று.

அப்போது பெரிய கிளாக்கரின் மனைவி வந்தார். முத்தி செய்தார். முந்தானையை எடுத்து வாயை அழுத்தித் துடைத்தார். "சீ! சதை மாதிரி இருக்கு."

சதைதான் அம்மா. கடவுள் சதை எடுத்தார் என்றுதானே அரை மணி நேரத்துக்கு முன்னர் முழங்காலில் நின்றீர்கள்? பசிக்கிற, மூத்திரம் போகிற, தூக்கினால் சூடேறுகிற உடம்பு. இவர்களுக்கு அது வார்த்தையாக இருக்கும்வரை பிடிக்கும். சாந்தாகவும் சீமைப் படமாகவும் இருக்கும்வரை பிடிக்கும். உதட்டில் பட்டால் துடைத்துக்கொள்வார்கள்.

பெரிய கிளாக்கர் உங்களைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் சொன்னார். "தெய்வத்தத் தொட்டா தெய்வம் மாதிரி இருக்கணும்மா. இது நம்ம லயத்துப் புள்ள மாதிரி நாறுது!"

ஃபாதர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "கமிட்டிக்கு விருப்பம் இல்லாட்டி..." என்றார். வாக்கியத்தை முடிக்கும் தைரியம்கூட அவருக்கு இருக்கவில்லை. கால் உடைந்த சாந்துப் பாலனைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். மிச்சச் சனம் கணுக்காலின் உடைந்த வெள்ளைச் சுண்ணாம்பை பக்தியோடு முத்தி செய்தது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சிக்கங்கய்யா, தெரியாம செஞ்சிட்டேன்" என்றீர்கள். ஒரு மாதம் தெரிந்தே செய்தீர்கள் அக்கா. அந்த ஒரு வாக்கியத்துக்காக உங்கள்மேல் எனக்கு எவ்வளவு அருவருப்பு வந்தது என்று உங்களிடம் நான் சொன்னதில்லை. நம் லயத்து வீடுகளுக்கு ஏறும்போது மட்டும் கேட்டேன்.

"எதுக்குக்கா மன்னிப்புக் கேட்டீங்க? வெக்கமா இல்லையா?"

"வெக்கத்த வச்சு என்னடா செய்ய? தை மாசம் புள்ளய டவுன்ல மடத்துப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். ஃபாதர் கடுதாசி வேணும். கமிட்டித் தலைவர் கையெழுத்து இல்லாம ஃபாதர் குடுப்பாரா?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சிரித்தீர்கள். "அவருக்கு என்னடா, மாட்டுக் கொட்டாயில கெடந்தவரு. பீரோவுல கெடக்க மாட்டாரா? நீ பத்திரமா வச்சியா?"

"வச்சேன்க்கா."

அது உண்மை. அன்றைக்கு உண்மை. மறுநாள் பெரிய கிளாக்கர் ஃபாக்டரிக்கு வந்தார்.

கையெழுத்துக் கிடைத்தது. மகள் வெள்ளை கவுனும் கழுத்துப்பட்டியும் போட்டு பஸ் ஏறினாள். ஒவ்வொரு நத்தாருக்கும் நீங்கள் என்னிடம் மெதுவாகக் கேட்பீர்கள்: "பீரோவுல இருக்காருல்ல?" "இருக்காருக்கா." எலிக்காய்ச்சலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் கேட்டீர்கள். அப்போதும் இருக்கிறார் என்றேன். உங்கள் அடக்கப் பூசையில், நீங்கள் கோயிலுக்குச் செய்த சேவையைப் பற்றி பெரிய கிளாக்கர் கால் மணி நேரம் பேசினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவரைக் கேவலமாக நினைக்க அன்று எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

நேற்று உங்கள் மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப மொதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க. அதுக்குப் பொறகு எங்கிட்டப் பேசுங்க."

உங்களைப் புதைத்த இடத்தில் நின்று சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெரிய கிளாக்கர் சொன்னது இதுதான்: "அந்தப் பொம்மைய ஒட்டுப்பாலோட போட்டு அரைச்சிரு. தொர கண்டாருன்னா ஃபாக்டரிப் பாலத் திருடிச் செஞ்சதுன்னு அவள வெளிய போட்டுருவாரு." உங்களைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த மாதம் என் பெயரை நிரந்தர வேலைக்குப் பதிய வேண்டியவர் அவர். அவர் சொல்லி முடிக்குமுன் நான் தலையாட்டிவிட்டேன். அன்று மாலையே கோயில் பீரோவிலிருந்து பாலனை எடுத்துவந்தேன்.

மரப்பட்டையோடு உரித்தெடுத்த கழிவு ரப்பரை அரைக்கும் ரோலர் அது. மணல் உள்ளே போனால் ரோலர் கெட்டுவிடும். அதனால் பால் வெட்டும் கத்தியால் தொப்புளுக்குக் கீழே கீறி, மணல் பையையும் பஞ்சையும் வெளியே எடுத்தேன். காலை முதலில் கொடுத்தேன். இடுப்பு வரை போயிற்று. தோளில் வந்து நின்றது. ரோலர் இழுக்கவில்லை. மெஷினை நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை, பெரிய கிளாக்கரும் இல்லை. என் வலது கையைத் தலைமேல் வைத்து உள்ளே தள்ளினேன். மெத்தென்று இருந்தது அக்கா. கையை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. தலை முழுவதும் உள்ளே போகும்வரை எடுக்கவில்லை.