ஆம்பளைக் குரலுக்கு ஒரு பொன்னாடை

அன்பு மகள் பிரிஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் என் முட்டுவலி நீங்கலாக இங்கே எல்லாம் சுகம். உனக்கும் சுகம்தான் என்று நம்புகிறேன், ஆனால் நீ அனுப்பிய பத்திரிகையின் அட்டையில் பல்வலிக்காரி மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறாய், முழங்கால் இரண்டிலும் கிழிந்த கால்சட்டை வேறு. அப்பா அதைப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு நல்லதா ரெண்டு துணி எடுத்து அனுப்பாண்டாமா” என்று கோட்டாறு ஜவுளிக்கடைக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அதுதான் பெரிய ஃபேஷன் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுவோம், அதனால் எழுதுகிறேன். முதியோர் இல்லத்து வேலைக்கு ஜப்பான் போனவள், அங்கே ஒரு தாத்தாவின் பிறந்தநாளுக்கு அவர்கள் பாஷையில் பாடி, அதை யாரோ போனில் பிடித்து நெட்டில் போட்டு, பாட்டுக் கம்பெனி தேடி வந்து, இப்போது டோக்கியோவில் கட்டட உயரத்துக்கு உன் படம் நிற்கிறது என்று ஊருக்குத் தெரிந்ததிலிருந்து உனக்கு இங்கே சொந்தக்காரர்கள் பெருகிவிட்டார்கள். இந்த நிறத்துக்கும் உயரத்துக்கும் மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று வருந்திய அஜிதா அத்தை, அந்த உயரம் தங்கள் குடும்பத்து வழி என்று வீடுவீடாகச் சொல்லிவருகிறாள்.

மாதா கோயில் திருவிழாவில் உனக்குப் பொன்னாடை என்றார்கள், நீ இல்லாததால் எனக்குப் போர்த்தினார்கள். பாடகர் குழுவை நடத்தும் ஜான்ரோஸ் வாத்தியார் மைக்கைப் பிடித்து, “இந்தக் குரல மெருகேத்துனது நானாக்கும்” என்று தொடங்கினார். ஆம்பளைக் குரல் என்று பன்னிரண்டு வயதில் உன்னைக் குழுவிலிருந்து நிறுத்தியவரே அவர்தான். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று மைக்கை வாங்கி, “வாத்தியாரே, பிள்ளைக்கு எந்தப் பாட்டு படிச்சு குடுத்தீரு?” என்றேன். கூட்டம் சிரித்தது, சந்தையில் என் பக்கத்தில் மீன் விற்கிற பெண்கள் விசிலே அடித்தார்கள். அதோடு இறங்கியிருந்தால் எனக்கு மரியாதை. ஆனால் அன்று நீ அழுதுகொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் நீ பாட வாயெடுத்த போதெல்லாம், பக்கத்து வீட்டில் கேட்கும் என்று பொத்தியது நான்தானே. “அவரு ஒருநாள் நிறுத்துனாரு, நான் பத்து வருசம் நிறுத்துனேன், எனக்கு இந்தத் துணி வேண்டாம்” என்று மடித்து வைத்துவிட்டு இறங்கினேன். யாரும் கைதட்டவில்லை. வாத்தியார் மட்டும் பின்னாலேயே வந்து, “வியாகுலம், என்னயும் சேத்து பிள்ளைட்ட மன்னிப்பு கேட்டு எழுது” என்றார். எழுதிவிட்டேன் மக்களே. மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், அவரை மன்னித்து என்னை மன்னிக்காமல் விட்டாலும் சரிதான்.

குளிருக்குக் கம்பளி போடு, மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்காதே, ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். வேன் பிடித்து மாலையோடு திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வர ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். எந்த நாள் என்று எனக்கு மட்டும் சொல். நானும் அப்பாவும் பஸ்ஸில் வந்து நிற்கிறோம்.

உன் அம்மா,
வியாகுலம்மாள்