சாடியில் நிற்கும் தேசி

சிவமயம்

நெடுந்தீவு,
16.01.1990

அன்புள்ள அத்தானுக்கு,

மார்கழி தொடக்கத்தில் நீங்கள் போட்ட கடிதம் பொங்கலுக்கு முதல்நாள் கையில் கிடைத்தது. நானும் பிள்ளை அம்பிகையும் குறையில்லாமல் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை. நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம், புத்தகங்களில் எலுமிச்சை என்று எழுதுகிற ஒரு தேசிமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் வாசித்தேன், பிறகு அம்பிகையை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இன்னும் எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை.

நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். பிழை என்றால் திருத்துங்கள். அகதி முகாமில் இருந்து உங்களைக் கூட்டிவந்து தன் வீட்டு மேலறையில் வைத்திருக்கும் ஹில்டா அம்மா, விழுந்து இடுப்பு முறிந்து ஆசுப்பத்திரியில் இருக்கிறா. வீட்டைப் பூட்டிவிட்டு உங்களைத் திரும்ப முகாமுக்கு அனுப்பலாம் என்று அவவின் மகன் சொன்னான். அந்த அம்மாவோ, சாடியில் நிற்கும் தேசிமரத்தைப் பார்க்க ஆள் வேண்டும், அதனால் நீங்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டா. ஆகவே மரம் இருக்கும்வரைக்கும் நீங்கள் அங்கே இருக்கலாம். மரம் பட்டுப்போனால் உங்கள் இருப்பும் போய்விடும். அகதி வழக்குக்கும் அந்த அம்மாவின் வாக்குத்தான் பலம் என்று சட்டத்தரணி சொல்கிறார். இவ்வளவும் சரிதானே? ஒரு ஆம்பிளையின் தலைவிதியை ஒரு சாடிக்குள் நட்டுவைக்கும் நாட்டை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

வெயில் நாட்டுக்காரர் என்றபடியால் வெயில் நாட்டு மரத்தின் குணம் உங்களுக்குத் தெரியும் என்று அந்த அம்மா சொன்னதை வாசித்து நன்றாகச் சிரித்தேன். படகு இயந்திரம் இருமினால் அதற்கு என்ன வருத்தம் என்று கரையில் நின்றே சொல்லுவீர்கள். முற்றத்து மாதுளைக்கு ஒரு வாளி தண்ணீர் வார்க்கச் சொன்னால் மாதுளை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்பீர்கள். மரம் வளர்க்கத் தெரியாது என்று அந்த அம்மாவிடம் சொல்லாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று. சொல்லியிருந்தால் இப்போது எந்த முகாமில் எந்தக் கட்டிலோ.

மரம் இலை கொட்டுகிறது, என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்டபடி கந்தப்பு அண்ணையிடம் போனேன். நம் பக்கத்தில் காய்க்கிற தேசி அவருடையது ஒன்றுதான். அதனால் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். எந்தப் பக்கத்துக் காற்று, கிணறு உவரோ நன்னீரோ என்று அவர் கேட்டார். காற்று இல்லை, கிணறும் இல்லை, பனி கொட்டுகிறதாம் என்று சொன்னேன். “பனிக்கு மரம் சாகுமோ? மார்கழிப் பனி இஞ்சையும் பெய்யுதுதானே” என்றார். அங்கே வாளித் தண்ணீர் கல்லாகிவிடும் என்று விளக்கினேன். நான் கதை விடுகிறேன் என்று நினைத்தார் போலும்.

மரத்தைக் குளிரான படிக்கட்டு அறையில் யன்னலோடு வைத்து, பத்து நாளுக்கு ஒரு கோப்பை தண்ணீர் மட்டும் விடச் சொல்லியிருக்கிறா ஹில்டா அம்மா என்று சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “வாயில்லாச் சீவனைத் தாகத்திலை கொல்லப் பாக்கிறாளோ மனுசி” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இங்கே நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறோம். அப்படிக் கொண்டுவந்ததில் ஒரு குடத்தை மரத்தின் அடியில் வார்க்கிறவளைத்தான் நாங்கள் நல்ல மனுசி என்கிறோம். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் ஊரில் ஒரு கோப்பைக்குக் கணக்குப் பார்ப்பது என்ன வழக்கமோ.

ஆகவே இலை கொட்டுவதற்குக் காரணம் தாகமும் குளிரும்தான். சாடியை உங்கள் அறைக்குக் கொண்டுபோய், அறையைச் சூடாக்கும் அந்தச் சூட்டு இரும்புக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையும் மாலையும் நிறையத் தண்ணீர் வாருங்கள். மீன் கழுவின தண்ணீர் கிடைத்தால் அதையும் ஊற்றுங்கள். மகன்காரன் வந்து வந்து மரத்தைப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கண்ணூறும் இருக்கும். பழைய சட்டை ஒன்றில் துணியை அடைத்து ஒரு வெருளி செய்து சாடிக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். யாரும் கேட்டால் எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லுங்கள். அது பொய்யில்லைத்தானே.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியுங்கள். வயிற்றைக் காயவிடாதீர்கள். வல்லிபுர ஆழ்வார் உங்களையும் அந்த மரத்தையும் சேர்த்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இராசாத்தி


சிவமயம்

நெடுந்தீவு,
28.03.1990

அன்புள்ள அத்தானுக்கு,

மாசிக் கடைசியில் எழுதிய கடிதம் முந்தாநாள் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்ற முதல் வரியை வாசித்து மனம் ஆறினேன். மிச்சத்தை வாசித்தபின் அடுப்பில் வைத்த உலையை மறந்துபோனேன்.

நான் சொன்னபடியே எல்லாம் செய்தீர்கள். சூட்டு இரும்புக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். இரண்டு நேரமும் தண்ணீர் வார்த்தீர்கள். மீன் தண்ணீரும் ஊற்றினீர்கள், அறை நாறியது. வெருளியும் நின்றது. இருந்த இலை அத்தனையும் கொட்டி இப்போது வெறும் தடி. ஹில்டா அம்மா ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்குள் வீட்டுக்கு வருகிறாவாம். தடியைப் பார்த்த மகன், தாய் வந்ததும் மற்றதைப் பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கந்தப்பு அண்ணையிடம் ஓடினேன். “இன்னும் தண்ணி காணாது” என்றார். திரும்பி வரும் வழியில் மேரிஜோசப்பின் அக்காவைக் கண்டேன். நம் மதிலுக்கு அடுத்த வீட்டு அக்காவை மறந்திருக்கமாட்டீர்கள். அவ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “காய்ச்சலிலை கண்மூடிக் கிடக்கிற ஆளுக்கு ஆரும் ஒரு கோப்பை சோத்தைத் தீத்துவினமோ? அந்தக் குளிருக்கு அது படுத்துக் கிடந்திருக்கும். நீர் எழுப்பி எழுப்பித் தண்ணி குடுத்திருக்கிறீர்” என்றா. எனக்கு நடுவழியில் கால் நின்றுவிட்டது.

முப்பது வருஷமாக அந்த அம்மா அதை வளர்த்திருக்கிறா. ஒரு கோப்பைத் தண்ணீர் போதாது என்றால் முதல் வருஷமே அது போயிருக்கும். இது ஏன் எனக்கு அன்று தோன்றவில்லை? தண்ணீர் கூடி ஒரு மரம் செத்ததை நெடுந்தீவில் யார் கண்டது? நான் காணவில்லை, கந்தப்பு அண்ணையும் காணவில்லை. அவர் இப்போதும் மேரிஜோசப்பின் அக்காவுக்கு விசர், புத்தி சரியில்லை என்கிறார். அக்கா அவருக்குத்தான் என்கிறா. இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுக்கிறார்கள். நான் அக்கா பக்கம் என்று முடிவெடுத்திருக்கிறேன். சரியோ பிழையோ தெரியாது.

உடனே தண்ணீரை நிறுத்துங்கள். மரத்தைச் சாடியோடு சரித்து மெல்ல எடுத்து வேரைப் பாருங்கள். கறுத்து நாறுகிற வேரை வெட்டி எறியுங்கள். ஈர மண்ணைத் தட்டிவிட்டுக் காய்ந்த மண்ணில் வையுங்கள். பழையபடி குளிர் அறைக்கே கொண்டுபோங்கள். அந்த அம்மா கேட்டால் ஒளிக்கவேண்டாம். என் பெண்சாதி தண்ணீருக்கு அலையும் ஊர்க்காரி, அவள் சொல்லைக் கேட்டு இப்படிச் செய்தேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பழி என் மேல் இருக்கட்டும். இந்தக் கடிதம் அவ வருவதற்கு முதல் உங்கள் கைக்கு வருமோ என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த விஷயம். நாட்டில் சமாதானம் வந்துவிட்டது என்று அங்கே பத்திரிகையில் போட்டிருப்பதாகவும், இனி எதற்கு ஒருத்தி வீட்டு மரத்தை நம்பி இருக்கவேண்டும், ஊருக்கே வந்துவிடட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கேயும் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். குறிகட்டுவான் துறையில் இருந்து படகு ஒழுங்காக ஓடுகிறது. கடைகளில் சாமான் வந்திருக்கிறது. கொழும்பில் ஒளித்திருந்த ஆம்பிளைகள் சிலர் ஊருக்கு வந்து கூரை வேய்கிறார்கள். நீங்கள் போகும்போது ஐந்து வயதாய் இருந்த அம்பிகைக்கு இப்போது ஒன்பது. அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்கிறாள். நான் சொல்லிக் காட்டினால் சிரிக்கிறாள்.

ஆனால் சந்தியில் பேசிக்கொண்டு நிற்பவர்கள் சில பேரைக் கண்டால் சட்டென்று பேச்சை மாற்றுகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு யாரும் குரலைத் தாழ்த்துவார்களா? வாருங்கள் என்று எழுதினேன், பிறகு வெட்டினேன். வரவேண்டாம் என்று எழுதினேன், அதையும் வெட்டினேன். மேலே வெட்டுக் கூடியிருப்பதற்கு அதுதான் காரணம். எதை எழுதினாலும் மற்றதுதான் சரி என்று படுகிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் மரத்தின் சேதியை எழுதுங்கள்.

பெரிய வியாழன் நல்லபடியாகக் கழியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இராசாத்தி


சிவமயம்

நெடுந்தீவு,
09.07.1990

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கொழும்புக்கு எப்படியோ போகப்போகும் ஒருவர் கையில் கொடுக்கிறேன். அங்கே போய்த்தான் அவர் முத்திரை ஒட்டவேண்டும். அவர் போய்ச் சேரவேண்டும், கடிதம் உங்களிடம் வந்து சேரவேண்டும், அதுவும் ஆவணிக்கு முதல் வந்து சேரவேண்டும். எத்தனை வேண்டும் பாருங்கள்.

நீங்கள் வைகாசியில் எழுதியது, படகு நிற்பதற்கு முன் வந்த கடைசித் தபாலில் கிடைத்தது. பிறகு சண்டை திரும்பவும் தொடங்கி இங்கே எல்லாம் மாறிவிட்டது. அங்கே உங்களுக்குச் செய்தியில் தெரிந்திருக்கும், எங்களைவிடக் கூடவே தெரிந்திருக்கும். எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. எந்தப் பக்கம், யார், எவர் என்று கேட்கவேண்டாம். எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வதும் ஆளுக்கு ஒரு விதம்.

என் கடிதம் போய்ச் சேர முதலே ஹில்டா அம்மா வந்துவிட்டா. நீங்கள் மரத்தோடு வாசலுக்கு இறக்கிவைத்த, உங்கள் நீலச் சட்டையோடு நின்ற வெருளியைக் கண்டு இடுப்பு நோகச் சிரித்தாவாம். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, நகத்தால் தடியைச் சுரண்டினாவாம். மேலே எல்லாம் பட்டுப்போன கபில நிறம். மண்ணுக்கு மேலே ஒரு விரலளவில் மட்டும் பச்சை. அதுவரைக்கும் விட்டு மிச்சத்தைத் தன் கையாலேயே வெட்டி எறிந்துவிட்டு, இது துளிர்க்குமோ துளிர்க்காதோ தனக்கும் தெரியாது என்று சொன்னாவாம். ஒரு வார்த்தை ஏசவில்லை. மகனிடமும், இவர் இங்கேதான் இருப்பார் என்று சொல்லிவிட்டா. எனக்கு இதை வாசித்ததும் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத அந்த மனுசிக்குக் கோடி புண்ணியம்.

ஆனால் அதற்கு அடுத்த பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை. அவ ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், ஏசாமல் தேநீர் ஊற்றித் தந்தது தாங்க ஏலாமல் இருக்கிறது என்கிறீர்கள். அவவின் புருஷன் அவவுக்குக் கொண்டுவந்து கொடுத்த மரத்தைக் கெடுத்துவிட்டு அவவின் முகத்தில் முழிக்க முடியவில்லை, வழக்கை நிறுத்தச் சொல்லிவிட்டேன், ஆவணி நடுவில் வருகிறேன் என்கிறீர்கள். இருக்கச் சொல்லுகிற வீட்டில் இருக்க வெட்கப்பட்டு, இருக்க இடமில்லாத இடத்துக்கு வரப்போகிறீர்களா? நான்கு வருஷம் நீங்கள் வரவேண்டும் என்று இருந்தவள் இதை எழுதுகிறேன். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, அத்தான்.

கந்தப்பு அண்ணை தங்கச்சி வீட்டுக்கு மருந்து கொடுக்கவென்று கடைசிப் படகில் மண்டைதீவுக்குப் போனார். இன்னும் வரவில்லை. கூடப் போனவர்களில் சிலர் மீன்பிடிப் படகுகளில் வந்தார்கள். அவரைப் பற்றிக் கேட்டால் ஒருவர் கண்டேன் என்கிறார், ஒருவர் காணவில்லை என்கிறார். அறுபது வயது மனுசன், கையில் ஒரு மருந்துப் போத்தல். அவருக்கே இப்படி என்றால், வெளிநாட்டில் இருந்து வந்து இறங்கும் நாற்பது வயது ஆம்பிளையை எந்த வழியில், யார், என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். யோசனை அதற்கு மேல் போகவில்லை.

அவருடைய தேசிக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன். அவரின் பெண்சாதியால் எழும்பி நடக்க ஏலாது. எவ்வளவு விடவேண்டும் என்று இப்போது எனக்கே குழப்பம். குடத்தைச் சரிக்கும்போது கை நின்று நின்று ஊற்றுகிறது.

தண்ணீர் விஷயத்தில் என் சொல்லைக் கேட்டுத்தான் மரம் கெட்டது. அதற்காக இந்தச் சொல்லையும் தள்ளிவிடாதீர்கள். கடிதம் கிடைத்த அன்றே சட்டத்தரணியிடம் போய், வழக்கை நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள். ஹில்டா அம்மாவுக்கு முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டே இருங்கள். வெட்கத்தோடு எத்தனையோ பேர் நூறு வயது இருந்திருக்கிறார்கள். அவ தரும் தேநீரைக் குடியுங்கள். அவவுக்கு நடக்கக் கை கொடுங்கள். அந்தக் குற்றி துளிர்த்தாலும் அங்கே இருங்கள், துளிர்க்காவிட்டாலும் அங்கே இருங்கள்.

அப்பா எப்போது வருவார் என்று கேட்டு அம்பிகை கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுத வந்தாள். நான் விடவில்லை. கோபித்துக்கொண்டு மேரிஜோசப்பின் அக்கா வீட்டில் போய் இருக்கிறாள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் போன நாளில் இருந்து பிள்ளையாருக்கு எனக்கு ஒரே ஒரு நேர்த்திதான். நீங்கள் வந்து சேர்ந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பேன் என்று. நேற்று அம்பிகைக்குச் சொல்லாமல் கோயிலுக்குப் போய், அதை மாற்றி, நீங்கள் வராமல் இருந்தால் உடைப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலைத் தாண்டும்போது மனம் கேட்கவில்லை. திரும்பிப் போய் நின்றேன். ஆனால் மாற்றவில்லை. முதலில் கேட்டதைத் தருமோ, பிறகு கேட்டதைத் தருமோ, அந்தப் பிள்ளையார் பாடு எனக்குத் தெரியாது. இரண்டையும் கேட்டவள் நான்தான். அதனால் சாமியை நம்பாமல் உங்களிடமே நேரே கேட்கிறேன். வராதீர்கள், என் ராசா, வராதீர்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள்
இராசாத்தி