பசை விட்ட பக்கம்

என் சண்டைக்காரத் தோழி புஷ்பாவுக்கு,

முதலில் இதைக் கேள்! உன் மகள் வாயைத் திறந்துவிட்டாள். திறந்தது மட்டுமா, ஒன்பது பிள்ளைகளை உட்கார வைத்துக் கதையே சொல்லிவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் போய்ச் சொல்வேன்?

போன பனிக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதிலிருந்து தர்ஷினி கதை நேரத்துக்கே வரவில்லை. உன் அப்பா இன்னமும் ‘பிள்ளைக்காம்பரா’ என்று சொல்கிறாரே, நாம் இருவரும் வேலை பார்த்த அந்த எஸ்டேட் காப்பகத்தில்தான், ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். ஐந்து வயதில் அவ்வளவு மௌனம் எங்கிருந்து வருகிறது?

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். திட்டாமல் கேள்.

குன்னூர்க் கடையில் படப் புத்தகம் வாங்கும்போதெல்லாம் நமக்குள் சண்டை வருமே, ஞாபகம் இருக்கிறதா? நான் பூவும் சிரிப்புமாக எடுத்துவந்தால் நீ பிடுங்கித் திரும்ப வைப்பாய். “ஏம்புள்ள, இதுல யாருமே கீழ விழல. விழாத புள்ளைக்கு எந்திரிக்க எப்படித் தெரியும்?” பெரியவர்கள் ஓடிவந்து தூக்கிவிடும் கதையும் உனக்கு ஆகாது. தானாக எழுந்தால்தான் அது உனக்குக் கதை.

அப்படி நீ அடம்பிடித்து வாங்கியதுதான் குருவிக்குஞ்சுப் புத்தகம். காற்றடித்த மறுநாள் குஞ்சு கண் விழித்தால் கூட்டில் தாய் இல்லை. நீ போன பிறகு அந்தப் பக்கத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். மைதாப் பசை காய்ச்சி, அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ஒரு சூரியனை வரைந்து வைத்தேன். உன் மகளைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு எனக்கு.

மஞ்சூர் மழை என்னை விட்டதா? இரண்டு வாரமாக மூட்டம். அலமாரியெல்லாம் ஈரம், என் பசையும் ஊறிப்போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஜன்னலோரத்திலிருந்து ஒரு கூச்சல்: “சித்தி! இங்க ஒரு பக்கம் ஒளிஞ்சிருக்கு!”

ஓடினேன். அதற்குள் சூரியனைப் பாதி உரித்துவிட்டாள்.

“குடு தங்கம், அது கிழிஞ்ச பக்கம்.”

“புடுங்காத சித்தி.”

முழுவதும் உரித்தாள். காலிக் கூட்டையும் நனைந்த குஞ்சையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். “இதுக்கும் அம்மா இல்லியா?”

“இல்ல, தங்கம்” என்றேன்.

“அப்புறம் என்ன பண்ணுச்சு?”

அவளே புரட்டினாள். குஞ்சு இறகை உதறும் பக்கம், பூச்சி தேடும் பக்கம், மற்ற குருவிகளோடு கிளையில் உட்காரும் பக்கம். பார்த்து முடித்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாளே, புஷ்பா! அப்படியே நீ உட்காருகிற மாதிரி, காலை நீட்டிக்கொண்டு.

“இதுக்கு அம்மா இல்ல. ரொம்ப அழுதுச்சு. அப்புறம் பசிச்சுச்சு” என்றாள். இப்படி ஒரு வரி எனக்கு வருமா?

காலிக் கூட்டைப் பார்த்து ஒரு குட்டிப் பெண் அழ ஆரம்பித்தது. நான் பதறி எழுந்தேன். உன் மகள் என்னைக் கையமர்த்தினாள். “அழுவட்டும் சித்தி. இன்னும் பக்கம் இருக்குல்ல?”

நானும் அழுதேன். வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக அழுதேன். நம் சண்டையில் நீதான் ஜெயித்தாய், போதுமா?

பசை காய்ச்சிய சட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். இப்போது அதில் பிள்ளைகளுக்குக் கடலை அவிக்கிறேன். வரும் சனிக்கிழமை தர்ஷினியோடு குன்னூருக்குப் போகிறேன். புத்தகம் அவள்தான் எடுப்பாள். அவளிடமிருந்து இனி எந்தப் பக்கத்தையும் மறைக்க மாட்டேன், புஷ்பா. அவள் அழுகிற பக்கம் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். புரட்டுவது அவள் பாடு.

உன் மகளின் சித்தி,
சாந்தி