பதினோரு நாள் பெய்யாத மழை

வெள்ளகோவில்,
கார்த்திகை 9, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் மாடு கன்றும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே, ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குத் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். வீடியோவில் வந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய், எனக்கும் வாய் வராது. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை உன் புரொபசர் முன்னால் நிற்பதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

அம்மணி, மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டு உன் புரோகிராமில் தப்பு தேடுகிறாய். காங்கேயத்துக்குச் சரியாகச் சொல்லுது, தாராபுரத்துக்குச் சரியாகச் சொல்லுது, நம்ம தோட்டத்துப் பக்கம் மட்டும் வராத மழையை வரும்ங்குது, என்ன தப்புப் பண்ணினேன்னே தெரியலீங்கப்பா, எனக்கு இந்தப் படிப்பே ஆகாது போலிருக்குங்க என்று ஞாயிற்றுக்கிழமை நீ அழுதபோது சார்ஜ் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது. தப்பு உன்னுடையது இல்லை கண்ணு, என்னுடையது.

முந்தின வருசம் பொங்கலுக்கு வந்தபோது தண்ணீர்த் தொட்டி ஓரத்துக் கல்லுக்காலில் அந்த மழை அளக்கிற குழாயைக் கட்டிவிட்டுப் போனாய். தினமும் காலை எட்டரைக்குக் கோடு பார்த்துப் போனில் மில்லிமீட்டர் கணக்கைப் போட வேண்டும், மழை இல்லாவிட்டால் பூஜ்யம் போட வேண்டும், பூஜ்யமும் முக்கியமுங்கப்பா என்று மூன்று தடவை சொன்னாய். நியூரல் நெட்வொர்க் என்றால் என்ன என்று கேட்டதற்கு, அதற்குச் சூத்திரம் எதுவும் சொல்லித்தர வேண்டாம், பல வருசத்து மழையையும் காற்றையும் வெயிலையும் காட்டினால் அதுவே பார்த்துப் பழகிக்கொள்ளும் என்றாய். உலகத்துக்கே சொல்கிற பெரிய கணிப்பை நம்ம பக்கத்துக்குத் தகுந்தபடி திருத்துவதுதான் உன் வேலை, அதற்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பது நம்ம குழாய் ஒன்றுதான் என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போன வருசம் ஐப்பசியில் வானம் ஏமாற்றியது. சாயங்காலம் ஆனால் கருக்கும், இடிக்கும், அப்படியே பல்லடம் பக்கம் போய்விடும். போர்வெல் மோட்டார் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும். நீயோ பரீட்சைக்கு உட்கார்ந்திருந்தாய், போனை எடுத்ததும் மழை உண்டுங்களா அப்பா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவாய், அம்மாவுக்கு ஆபரேசன் ஆனபோது அப்படித்தான் வந்தாய், ஒரு வருசம் வீணாகப் போனது. அதனால் நல்ல மழை கண்ணு, நீ படி என்று சொல்லிப்போட்டேன். மறுநாள் காலை குழாய்க்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே ஒரு எறும்பு கிடந்தது. பூஜ்யம் போட்டால் ராத்திரி சொன்னது பொய் என்று தெரிந்துபோகுமே, வாயால் சொன்னதும் விரலால் போடுவதும் ஒத்துவர வேண்டுமே என்று பன்னிரண்டு போட்டேன். அப்படிப் பதினோரு நாள், அதற்குப் பிறகு உள்ளதைத்தான் போட்டு வருகிறேன். தீபாவளி அன்று தாராளமாக முப்பத்தொன்று போட்டேன் என்றால் பார்த்துக்கொள். உன்னிடம் மட்டும்தான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தேன், அந்த மெஷினும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. கருத்துவிட்டுக் கடந்து போகிற மேகமெல்லாம் நம்ம தோட்டத்தில் பெய்யும் என்று அதைப் பழக்கியது நான்தான்.

பக்கத்து மானாவாரிக் காட்டுக் காளியாத்தாள் இந்த ஐப்பசி முழுக்க வேலியோரம் வந்து, ஏனுங்கண்ணா, அம்மணியோட கம்ப்யூட்டர் இன்னைக்கு என்னங்க சொல்லுது என்று கேட்பாள். நீ அனுப்பின கணிப்பைப் படித்துக் காட்டுவேன், இந்த வாரம் நல்ல மழை என்று. முதல் தூறலை நம்பிச் சோளம் விதைத்துவிட்டாள். முளைத்தது, அதோடு சரி, விரல் உயரத்தில் காய்ந்து கிடக்கிறது. தைக்குப் பிறகு அவளுடைய இரண்டு மாட்டுக்கும் அந்தச் சோளத்தட்டுதான் தீவனம். திட்டுவாள் என்று நாலு நாள் ஒளிந்து திரிந்தேன். நேற்று பிடித்துக்கொண்டு, அம்மணி மேல வருத்தப்படாதீங்க, படிச்ச புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கும், மழை பெய்யற மானந்தான் மாறிப்போச்சுங்க என்றாள். செருப்பால் அடித்திருந்தால் தேவலை. இன்று காலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏனுங்கண்ணா இப்படிச் செஞ்சுபோட்டீங்க என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நாம் சேர்த்து வைத்திருந்த சோளத்தட்டில் பாதியை அவள் மாட்டுக் கட்டுத்தரைக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பதினோரு தேதியையும் பழைய காலண்டருக்குப் பின்னால் பென்சிலில் குறித்து வைத்திருந்தேன், என்றைக்காவது சொல்ல வேண்டிவரும் என்று. தனித்தாளில் எழுதி அதையும் அனுப்புகிறேன். பதினொன்றும் பூஜ்யம், மாற்றிவிடு. புரொபசர் கேட்டால் எங்கப்பா தப்பாக எழுதிவிட்டார் என்றே சொல், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. ரொம்ப அலுத்துவிட்டேன் கண்ணு. மழை இல்லாத அலுப்பைவிட, பெய்தது பெய்தது என்று ஒரு வருசமாகச் சாதித்துத் திரிந்த அலுப்புதான் பெரிதாக இருக்கிறது. இன்று காலை எட்டரைக்கும் குழாய் காய்ந்துதான் கிடந்தது, பூஜ்யம்தான் போட்டேன், நீயும் பார்த்திருப்பாய்.

வீரக்குமாரசாமி உனக்குத் துணையிருக்கட்டும், எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் நல்லாயிருக்கிறோம் என்று நான் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதே, இன்னொரு தடவை கேள். மேலே முதலிலேயே அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருக்கிறேன், கைப்பழக்கம். போன புதன்கிழமையிலிருந்து அவள் எழுந்து நடக்கவில்லை. வியாழக்கிழமை திருப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வருவதா, அங்கேயே இருப்பதா என்று நீயே யோசித்துச் சொல், உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பாலுசாமி