ஐந்தாம் நாள் போன வரி

என் அன்புக்குரியவருக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. உங்கள் நலம் தெரிந்தால் போதும்.

பன்னிரண்டு நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. "பேச்சுத் தேர்வுல போயிடுச்சு. அப்புறம் பேசுறேன்" என்று ஒரே ஒரு வரி அனுப்பினீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. உங்கள் மேல் கட்டிலில் படுக்கிற மீசை அண்ணனுக்குத்தான் தினமும் போன் செய்கிறேன். "வேலைக்குப் போறாரு, வர்றாரு, சுவத்தப் பாத்து படுத்துக்கிறாரு. தட்டுல போட்டது அப்படியே இருக்கு, தங்கச்சி" என்றார். அவர் மச்சான் நாளை அங்கே வர விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தண்ணீர் மோட்டாரைச் சரி செய்தாகிவிட்டது. மாடிப்படி விளக்கை வீட்டுக்காரர் ஒருவழியாக மாற்றினார். மகளுக்குச் சளி விட்டுவிட்டது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் தோற்கவில்லை. தோற்கடித்தது நான்.

நீங்கள் கிளம்பிய அதே மாதம்தான் எனக்கு இந்த வெப்சைட் வேலை கிடைத்தது. மொழி படிக்க வருகிறவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் விளையாட்டு மாதிரி வடிவமைக்க வேண்டும். புள்ளி, பதக்கம், விடாமல் வந்த நாட்களின் கணக்கு. உங்களுக்காகவே வந்த வேலை என்று துள்ளினேன். இரண்டு வருடத்துக்குள் அந்த ஊர் மொழியில் தேர்வு எழுதித் தேறினால்தான் உங்கள் வேலை நீடிக்கும், நாங்களும் அங்கே வரலாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேரட்டுமா என்று நீங்கள் கேட்டீர்கள். "அதெல்லாம் எதுக்குங்க, நம்ம சைட்டே போதும்" என்றது யார்? நான்தானே.

முதலில் பேச்சுப் பயிற்சியைக் கட்டாயமாகத்தான் வைத்திருந்தோம். நூறு பேர் வந்தால் முதல் வாரத்திலேயே நாற்பது பேர் போய்விட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கஷ்டமா இருந்தா ஓடிடுவாங்கம்மா. ஓடாம பாத்துக்கிறதுதான் உன் வேலை" என்றார். அதனால் 'இப்போது வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வரைந்து, கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். அழுத்தினாலும் புள்ளி உண்டு, நாள் கணக்கும் அறுபடாது. ஆட்கள் போவது நின்றுவிட்டது. எனக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். நான் அனுப்பிய அதன் படத்தை, "என் பொண்டாட்டி பெரிய ஆளு" என்று அறை முழுக்கக் காட்டினீர்களாமே.

போன திங்கட்கிழமை, வராமல் நின்றுபோனவர்களின் பட்டியலை எடுத்தேன். அதில் 'வெல்டிங் மாமா' என்று இருந்தது. நீங்களே வைத்துக்கொண்ட பெயர். நானூற்றுப் பன்னிரண்டு நாள் விடாமல் வந்திருக்கிறீர்கள். அதில் முந்நூற்றுத் தொண்ணூறு நாள் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியாதா? ஆறு பேர் படுக்கிற அறை. ராத்திரி ஷிப்டு முடித்தவர்கள் பகலில் தூங்குவார்கள். வாய்விட்டுப் பேசினால் யாராவது சிரிப்பார்கள். மீதி இருபத்திரண்டு நாள் நீங்கள் பேசியதைப் போட்டுக் கேட்டேன். பாதி, குளியலறையில் நின்று பேசியவை, குரல் எதிரொலிக்கிறது. 'என் மனைவி அடுத்த மாதம் வருகிறாள்' என்ற வாக்கியத்தை மூன்று முறை சொல்லியிருந்தீர்கள். மூன்று முறையும் தப்பு. மூன்று முறையும் பச்சை விளக்கு எரிந்து 'அருமை' என்று வந்திருக்கிறது. யாரும் மனம் தளரக் கூடாதென்று அதையும் நாங்கள்தான் அப்படி இளக்கி வைத்தோம். ஆபீஸ் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன்.

ஒரு நாள் வராவிட்டால் தானாகப் போகும் அந்தச் செய்திகளை எழுதியது நான் என்று உங்களுக்குத் தெரியும். "உங்களைக் காணாமல் வாடிவிட்டோம்" என்று வந்தபோது, "ஆபீஸ் செலவுல கொஞ்சுறியா?" என்று கேலி செய்தீர்கள். தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து நீங்கள் உள்ளே வரவில்லை. செய்திகள் அவை பாட்டுக்குப் போயிருக்கின்றன. முதல் நாள், "எங்கே போய்விட்டீர்கள்?" மூன்றாம் நாள், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடலாமா?" ஐந்தாம் நாள், "சரி, இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம். போய் வாருங்கள்." அதைப் பார்த்தால்தான் ரோஷம் வந்து நிறையப் பேர் திரும்புகிறார்கள் என்று மீட்டிங்கில் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

நான் பார்ப்பதற்குள் அது உங்களுக்குப் போய்விட்டது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது அந்த வரி வந்திருக்கும். அது என் எழுத்து என்று உங்களுக்குத் தெரியும். எழுதியது நான்தான். ஆனால் உங்களுக்கு எழுதியது இல்லைங்க. சத்தியமாக உங்களுக்கு இல்லை.

மேனேஜரிடம் போய் பொத்தானை எடுத்துவிடலாம் என்றேன். "ஒருத்தருக்காக மாத்த முடியுமா? மத்தவங்க சந்தோஷமாத்தானே இருக்காங்க" என்றார். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்த பதக்கத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்தேன். வேலையை விடவில்லை. விட்டுவிட்டு நின்றால் மூன்று பேரும் என்ன செய்வது?

மாதக் கடைசியோடு இரண்டு வருடம் முடிகிறது, உங்களை அனுப்பிவிடுவார்கள் என்று மீசை அண்ணன் சொன்னார். அனுப்பட்டும். யாரிடமும் நான் எதையும் விளக்கப் போவதில்லை. நீங்களும் விளக்க வேண்டாம். அதுவரை உங்களைத் தனியாக எங்கும் விடக் கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குளியலறையில் நேரமானாலும் கதவைத் தட்டுவார். கோபப்படாதீர்கள். என் மேல் கோபம் வந்தால் அதைச் சொல்லவாவது போனை எடுங்கள். திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மகளிடம் உங்கள் தேர்வு முடிவை நேற்றுத்தான் சொன்னேன். உடனே பையிலிருந்து கணக்கு விடைத்தாளை எடுத்துக் காட்டினாள். பதினொரு மதிப்பெண். ஒரு வாரமாக ஒளித்து வைத்திருக்கிறாள். நான் கையெழுத்துப் போடப் போனதும் பிடுங்கிக்கொண்டாள். "நீ திட்டுவ. அப்பாவும் ஃபெயில்தானே, அவருக்குத்தான் புரியும். அவரு வந்து போடட்டும்" என்கிறாள். டீச்சரிடம் மாதக் கடைசி வரை தவணை வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கையெழுத்துப் போட நீங்கள் இருக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

என்றும் உங்கள்
மனைவி