இடது பக்கம் போட்டால் நான்கும் மின்னுகின்றன

என்னங்க,

இன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். வேலைக்குப் பேருந்தில் போங்கள். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனமில்லை.

"வண்டியா இது, பொம்மைக் கடையா?" என்று, நான் மாட்டிய புது விளக்குகளைப் பார்த்து நேற்று கத்தினீர்களே, அந்தக் கோபத்தில் சோதிக்காமலே படுத்துவிட்டேன். காலையில் போட்டுப் பார்த்தேன். முன்பக்க எல்.இ.டி. சரம் அழகாக எரிகிறது. எல்.இ.டி.க்கு மாற்றிய இண்டிகேட்டரில்தான் கோளாறு. இடது பக்கம் போட்டால் நான்கும் மின்னுகின்றன.

காரணம் கேளுங்கள். மீட்டருக்குள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு குட்டி பல்புதான். அதன் வழியாக இடப்பக்க மின்சாரம் வலப்பக்கத்துக்கும் கொஞ்சம் கசிகிறது. பழைய பல்புகளுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி, எரியவே எரியாது. எல்.இ.டி.க்கு அதுவே விருந்து! நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வரும் லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்? போன வாரம் ஒரு லாரி உரசி, கையில் கட்டோடு வந்து நின்றீர்களே, அதனால்தானே இந்த வேலையையே ஆரம்பித்தேன்.

இரண்டு டையோடு வாங்கப் போகிறேன். மின்சாரத்துக்கு அது ஒருவழிக் கதவு, திரும்பிக் கசியவிடாது. சாயங்காலத்துக்குள் மாட்டிவிடுவேன்.

பி.கு.: "ஒரு நாள்தானே, கையைக் காட்டிட்டுத் திரும்பிக்கிறேன்" என்பீர்கள். எந்தக் கையை? கட்டுப் போட்ட கையையா?

இன்னொன்று. பாதிப் படி இறங்கியவள் திரும்பி வந்து எழுதுகிறேன். வண்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். ஒளித்து வைக்க நீங்கள் என்ன சின்னப் பிள்ளையா? ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போகிறேன். தொடாதீர்கள்.